கல்யாணியில் நிற்கத் தெரியாதவள்

"எங்கடி ஓடறே? ட்ரெயின் பிடிக்கணுமா?"

பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க நான் வாங்கிய திட்டு இதுதான். திட்டியவர் எங்கள் பாட்டு டீச்சர். இடம், மும்பை மாட்டுங்காவில் எங்கள் பள்ளியின் மூன்றாவது மாடியில், கிழிந்த மேப்புகளையும் கால் உடைந்த பெஞ்சுகளையும் ஒதுக்கிப் போட்டிருந்த ஓர் அறை. கதவில் மியூசிக் ரூம் என்று எழுதி ஒட்டியிருந்ததால் அது மியூசிக் ரூம். இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நிஜமாகவே ட்ரெயின் பிடிக்க வேண்டியவர் டீச்சர்தான். செம்பூரிலிருந்து வருவார். கடைசி மணி அடிப்பதற்குள் கைப்பை தோளில் ஏறியிருக்கும். ஆனால் ஓடுகிறவள் என்ற பேர் மட்டும் எனக்கு.

ஓடினேன்தான், இல்லையென்று சொல்லவில்லை. கல்யாணி ராகத்தை ஆலாபனை செய் என்றால் காந்தாரம் என்கிற ஸ்வரத்தில் போய்க் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நிஷாதத்தில் நிற்க வேண்டும். ஒரு வரி பாடி முடித்தால் வாயை மூடிக்கொண்டு ஒரு மூச்சு சும்மா இருக்க வேண்டும். பாடினது கேட்கிறவர் காதில் இறங்க வேண்டாமா? எனக்கு மற்றதெல்லாம் வந்தது. இந்த வாயை மூடுகிற வேலைதான் வரவில்லை. ஒன்று முடியும் முன்பே அடுத்ததைப் பிடித்து, அதிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டுக் கடகடவென்று இறங்கி வந்து, "முடிஞ்சுது டீச்சர்" என்று நிமிர்ந்து பார்ப்பேன். டீச்சர் அப்போதுதான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டியிருப்பார்.

எழுத்துப் பரீட்சையில் நான் புலி. பாட்டை ஸ்வரமாக எழுதும்போது, ஸ்வரம் நீளுகிற இடத்தில் காற்புள்ளி போட வேண்டும். இன்னும் நீண்டால் அரைப்புள்ளி. ஒன்றுகூட விடமாட்டேன். டீச்சர் என் பேப்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பாடச் சொல்லுவார். "இங்க பாரு, எத்தனை கமா போட்டிருக்கே! வாயில ஒண்ணையாவது காணுமே, எல்லாத்தையும் முழுங்கிட்டியா?"

பாட்டு எனக்குப் பொழுதுபோக்கு இல்லை, சப்ஜெக்ட். எகனாமிக்ஸ் மாதிரி அதற்கும் புத்தகம், யூனிட் டெஸ்ட், போர்டு பரீட்சை எல்லாம் உண்டு. பிராக்டிகலுக்கு வெளியிலிருந்து எக்ஸாமினர் வந்து உட்காருவார். இதைச் சொன்னால் எங்கள் சந்தில் ஒருவர்கூட நம்பியதில்லை. "பாட்டுல ஃபெயில் ஆக்குவாங்களா?" என்று சிரிப்பார்கள். ஆக்குவார்கள். எனக்கு அந்தப் பயம் ராத்திரி பகல் இருந்தது.

எங்கள் சந்து என்றால் தாராவியில். கீழே அப்பாவின் கார்கானா. எட்டுத் தையல் மெஷின், ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற இடம். மேலே நாங்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் இரும்பு ஏணியும் ஒரு பலகைத் தரையும். காலையில் மெஷின் ஓட ஆரம்பித்தால் எங்கள் தரை லேசாக நடுங்கும். தட்டில் ரசம் ஊற்றினால் ரசம் நடுங்கும். அம்மா பட்டன் தைத்துக்கொண்டே பேசுவாள், கத்தித்தான் பேசுவாள். நானும் கத்தித்தான் பதில் சொல்லுவேன். சண்டை என்று நினைத்துக்கொண்டு, கார்கானாவில் தைக்கப் புதிதாக வந்த பீகார்ப் பையன்கள் ஏணியைப் பார்ப்பார்கள். சண்டை ஒன்றும் இல்லை, "உப்பு போட்டியா" என்றுதான் கேட்டிருப்பாள்.

பதினொன்றாம் வகுப்பில் கணக்குக்குப் பதிலாகப் பாட்டு எடுக்கலாம் என்று பள்ளியில் சொன்ன அன்று, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கை தூக்கிவிட்டேன். வீட்டில் வந்து சொன்னபோது அப்பா துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

"பாட்டா? பாட்டுக்கு எவன் மார்க் போடுதான்?"

"போர்டு போடும்ப்பா."

"மார்க் போட்டு? அதை வச்சு என்ன செய்ய?"

"காலேஜ்லயும் அதையே படிப்பேன்."

அம்மா மேலேயிருந்து, "படிக்கட்டுமே, கணக்குல என்னத்த கிழிச்சா இவ?" என்று கத்தினாள். எனக்கு ஆதரவாகப் பேசுகிறாளாம். அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. வெட்டி முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"செரி. பன்னெண்டுல அந்தப் பிராக்டிகல்ல நல்லா வந்துட்டன்னா காலேஜ்லயும் பாட்டே படி. நான் குறுக்க வரமாட்டேன். வரலைன்னா பி.காம். அதுக்கப்புறம் பாட்டுங்கிற பேச்சே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது. என்ன?"

"செரி" என்றேன். அப்பா சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை, நல்லதற்கும் கெட்டதற்கும். அன்றிலிருந்து எனக்கு இருந்தது ஒரே ஒரு கவலை.

நான் பாட ஆரம்பித்ததே ஒரு வினோதம். எங்கள் வீட்டில் யாரும் பாடுகிறவர்கள் இல்லை. ஒன்பதாம் வகுப்பு தொடங்க வேண்டிய சமயத்தில் ஊரடங்கு வந்தது. கார்கானாவில் இருந்தவர்கள் கிடைத்த லாரியில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அப்பா எட்டு மெஷினுக்கும் பழைய பெட்ஷீட் போட்டு மூடினார். எங்கள் சந்தில் அப்படி ஓர் அமைதியை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. மூன்று சந்து தள்ளி யாராவது தட்டைக் கீழே போட்டால் எங்களுக்குக் கேட்டது. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டில் திரும்பும்போதே கேட்டது. அதில் ஏற்றிக்கொண்டு போன எதிர் வீட்டு மாமா திரும்பி வரவில்லை.

அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். மூடின மெஷின்களுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டதும் திரும்பப் போய் உட்காருவார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அந்த அமைதியையும் தாங்க முடியவில்லை. அதனால் பாட ஆரம்பித்தேன். வாயில் வந்ததையெல்லாம் பாடினேன்: சினிமாப் பாட்டு, கோயில் கொடைத் திருவிழாவில் மைக்கில் கேட்ட பாட்டு, விளம்பரத்தில் வந்த பாட்டு. ஏணிப் படியில் உட்கார்ந்து, மெஷின் போடுகிற சத்தத்தை நான் போட்டேன், அவ்வளவுதான். அப்பா நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் நான் தண்ணீர் குடிக்க நிறுத்தினால் தலையைத் தூக்குவார்.

"ஏன் நிறுத்திட்ட?"

நாள் முழுக்க அவர் பேசுகிற ஒரே பேச்சு சில நாட்களில் அதுவாகத்தான் இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. நிறுத்தினால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நம்பினேன். தொண்டை கட்டியும் பாடினேன். மூச்சு வாங்குகிற நேரத்தைக்கூடக் குறைத்துக்கொண்டேன். பிறகு மெஷின்கள் ஓட ஆரம்பித்தன, பையன்கள் திரும்பி வந்தார்கள், அப்பா பழையபடி எல்லாரையும் ஏசத் தொடங்கினார். பாட்டு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. பாட்டுப் பிடிக்கும், சப்ஜெக்டாக எடுத்தேன், நிற்க வரவில்லை. மூன்றும் தனித்தனி என்று நினைத்திருந்தேன்.

வகுப்பில் என்னோடு பாட்டு எடுத்தவள் இன்னொருத்தி, மாட்டுங்காக்காரி. அவளுக்கு நிற்க வரும். கடவுளே, என்னமாய் நிற்பாள்! காந்தாரத்தில் நின்றால் அங்கேயே குடித்தனம் வைத்துவிடுவாள் போல நிற்பாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பேன். ஆட்டாதே என்று அவள் என் முழங்காலில் கை வைப்பாள், கண்ணைத் திறக்காமலேயே. எனக்கு எரிச்சலாக வரும். கெட்டவளும் இல்லை அவள், அதனால் வெறுக்கவும் முடியாது. அதுவும் ஒரு தொல்லை.

ஒரு சனிக்கிழமை சேர்ந்து சாதகம் செய்யலாம் என்று வீட்டுக்கு அழைத்தாள். பூந்தொட்டி வைத்த பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடி. அவள் அம்மா காப்பி கொடுத்துவிட்டு, "எங்கேம்மா இருக்கே?" என்றார்.

"சயான் பக்கம், ஆன்ட்டி."

எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்லுகிற பதில் இது. தாராவி என்று சொன்னால் அடுத்து வரும் கேள்விகளுக்கு யார் பதில் சொல்லுவது? அவர் "ஓ" என்று உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தினார்கள். ஃபேன் சத்தம் மட்டும். அவள் போனில் சுருதியைப் போட்டாள், பாடினாள், நிறுத்தினாள். அவள் நிறுத்தின அந்த இடத்தில் எங்கேயோ ஏதோ தப்பு நடந்துவிட்டது, போய்ப் பார்க்க வேண்டும் என்று உடம்பு பரபரத்தது. "வயிறு சரியில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ரோட்டுக்கு வந்து பஸ் ஹாரனைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அட, காப்பியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை.

போர்டு பிராக்டிகலுக்கு முன்னால் பள்ளியிலேயே ஒரு ஒத்திகைப் பரீட்சை வைத்தார்கள். அதில் எனக்குப் போட்ட மார்க்கைச் சொல்லிக்கொள்ள முடியாது. டீச்சர் அப்பாவை வரச் சொன்னார். அப்பா வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, சட்டையில் நூல் பிசிறு ஒட்டியிருக்க, அந்த உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவில் வந்து நின்றார். சுவரில் இருந்த வீணைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குரல் நன்னா இருக்கு சார். சுருதி சேர்றது. தாளம் உதைக்கலை. ஆனா நிக்க மாட்டேங்கறா. ஒரே ஓட்டம். இப்படியே பாடினா எக்ஸாமினர் மார்க் போட மாட்டா" என்றார் டீச்சர். "ஆத்துல அமைதியா உட்கார்ந்து பாட எடம் இருக்கோ? எங்க இருக்கேள்?"

"தாராவி" என்றார் அப்பா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். டீச்சருக்கும் நான் சயான் என்றுதான் சொல்லியிருந்தேன். "கீழ எட்டு மெஷின் ஓடுது டீச்சர். மேல இவ."

"அதான்! அந்தச் சத்தத்தோட மல்லுக்கு நின்னுண்டு பாடறா. தினம் ஒரு அரை மணி நேரம் அமைதி கெடச்சாப் போதும், சரியாப் போயிடும்."

லேபர் கேம்ப் ஏரியா வழியாக நடந்தே வந்தோம். அப்பா சட்டையில் ஒட்டியிருந்த நூல் பிசிறை எடுத்துக்கொண்டே வந்தார். திட்டினாலாவது தேவலை என்று இருந்தது எனக்கு. சந்து முனைக்கு வந்ததும் நானே கேட்டேன்.

"பி.காம்தானாப்பா?"

"இன்னும் பரீட்சை நடக்கலைல்லா" என்றார். "அதுக்குள்ள என்ன பேச்சு?"

மறுநாள் மத்தியானம் பள்ளி விட்டு வந்து மேலே உட்கார்ந்து கல்யாணி பாடிக்கொண்டிருந்தேன். கீழே மெஷின்கள் வழக்கம்போல் அலறிக்கொண்டிருந்தன. திடீரென்று எட்டும் ஒரே நேரத்தில் நின்றன. ஃபேனும் நின்றது.

இதை எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்லுகிறேன். கார்கானாவில் மெஷின் ஒவ்வொன்றாகத்தான் அடங்கும். சாப்பாட்டுக்கு ஒருத்தன் எழுந்திருப்பான், பிறகு இன்னொருத்தன். எல்லாம் ஒரே அடியாக நின்றால் யாரோ மெயின் சுவிட்சை அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மெயின் சுவிட்சை அடித்தால் யாருக்கோ விரலில் ஊசி ஏறிவிட்டது, இல்லையென்றால் ஷாக் அடித்துவிட்டது. அந்த நிசப்தம் கேட்டால் பக்கத்துக் கார்கானாக்காரர், டீக்கடைக்காரர், எதிர் வீட்டு அத்தை, எல்லாரும் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். எங்களுக்குப் பழகிப்போன ஓட்டம் அது.

நான் ஏணியில் பாதி இறங்கி, மீதியைக் குதித்தேன்.

"யாருக்கு? யாருக்கு ஏறிச்சு?"

எட்டுப் பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். ரத்தம் இல்லை. அப்பா மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. போ, மேல போய்ப் பாடு. அரை மணி நேரம்."

"என்னப்பா இது?"

"டீச்சர் சொன்னாங்கள்லா, அமைதி வேணும்னு. இந்தா அமைதி. போ."

யூனிஃபார்ம் சீசன் ஆரம்பித்துவிட்டிருந்தது. ஆர்டர் கொடுத்த சேட் காலையும் மாலையும் போன் போட்டு, தைத்த சரக்கைக் கேட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்த நேரம். பையன்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே, "காவோ தீதி, காவோ" என்றான். பாடு அக்கா, பாடு என்கிறான். அவன் பாட்டுக்குச் சொல்லிவிட்டான். நான் மேலே ஏறி உட்கார்ந்தேன். போனில் சுருதியைப் போட்டேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பலகை இடுக்கு வழியாக யாரோ இருமுவது கேட்டது. பட்டன் ஒன்று கீழே விழுந்து உருளுவது கேட்டது. பெட்ஷீட் போட்டு மூடின மெஷின்களும் ஸ்டூலில் அப்பா உட்கார்ந்திருந்ததும் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. கண்ணைத் துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்தது.

"மெஷினைப் போடுங்கப்பா!" என்று மேலேயிருந்து கத்தினேன். "எனக்கு அமைதியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். போடுங்க!"

அப்பா ஏணியில் ஏறி, தலை மட்டும் தெரிய நின்றார்.

"என்னட்டி ஆச்சு? உனக்காகத்தான் நிறுத்துனேன்."

"பயமா இருக்குப்பா. சத்தம் நின்னா எனக்குப் பயமா இருக்கு. லாக்டவுன் மாதிரி இருக்கு. எதிர்வீட்டு மாமா மாதிரி நீங்களும்..." அதற்கு மேல் சொல்ல வரவில்லை. சொல்லி முடிக்கும் வரை எனக்கே தெரியாது, என் ஓட்டத்துக்குக் காரணம் அதுதான் என்று.

அப்பா ஏணியின் கைப்பிடியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குந்தான்" என்றார் கடைசியில்.

அவ்வளவுதான். இறங்கிப் போனார். மெயின் சுவிட்சைப் போடுவார் என்று பார்த்தேன், போடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. பையன்களிடம், "போய் டீ குடிச்சிட்டு வாங்க எல்லாரும்" என்று ஹிந்தியில் சொன்னார். அவர் மட்டும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்போது பயத்தோடு நானும் ஏணிப் படிக்கு வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்து, காந்தாரத்தைப் பிடித்தேன். குரல் ஆடியது. ஓடத்தான் ஓடினேன், ஆனால் பாடினேன்.

அதற்குப் பிறகு பரீட்சை வரை தினமும் மத்தியானம் மெஷின்கள் நின்றன. முதல் இரண்டு மூன்று நாள் பக்கத்துக் கார்கானாக்காரர் ஓடி வந்து வாசலில் நின்றுகொண்டு மூச்சு வாங்கினார். பிறகு அவருக்கும் பழகிவிட்டது. சேட்டிடம் அப்பா என்ன பொய் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அம்மா பட்டன் டப்பாவை மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுவாள், "தூங்குறதுக்காவது உன் பாட்டு உதவுதே" என்பாள். நான் ஒரு ஸ்வரத்தில் நிற்பேன், நிற்கும்போது அப்பாவைப் பார்ப்பேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு மெஷின் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்ப்பார். அவர் அங்கே உயிரோடு இருக்கிறார், கண்ணை இமைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் நிற்பேன். டீச்சர் கற்றுக்கொடுத்த முறை இது இல்லை. எனக்கு வந்த முறை இதுதான்.

பிராக்டிகல் அன்று எக்ஸாமினராக வந்த அம்மாவுக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு மார்க் ஷீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாட்டுங்காக்காரி எனக்கு முன்னால் பாடிவிட்டு வெளியே வந்து, என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள். "ஆட்டாதே" என்றாள். எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. உள்ளே போனேன். வர்ணம் பாடச் சொன்னார், பாடினேன். தாளம் போட்டுக் காட்டச் சொன்னார், காட்டினேன். பிறகு தலையைத் தூக்காமலேயே, "கல்யாணி ஆலாபனை" என்றார்.

எங்கள் டீச்சர் மூலையில் உட்கார்ந்து தம்புராப் பெட்டியின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் என்னைவிடப் பயந்திருந்தார் என்று நினைக்கிறேன். நான் காந்தாரத்துக்குப் போனேன். நின்றேன். ஓடு, ஓடு என்று உடம்பு சொன்னது. கட்டைவிரலைப் பாயில் அழுத்திக்கொண்டேன். இந்நேரம் அப்பா என்ன செய்துகொண்டிருப்பார் என்று யோசித்தேன். எல்லாரையும் ஏசிக்கொண்டிருப்பார். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. இன்னும் கொஞ்சம் நின்றேன். பிறகு வாயை மூடினேன்.

அறை அமைதியாக இருந்தது. தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, தூரத்தில் லோக்கல் ட்ரெயின் போனது. யாரும் ஓடி வரவில்லை. நான் பாடின காந்தாரம் எனக்கே அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டது. நன்றாகத்தான் இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்துவிட்டேன், கொஞ்சம் அதிகமாகவே. எக்ஸாமினர் கைக்குட்டையை இறக்கிவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"ஏன் நிறுத்திட்டே?" என்றார். "பாடு, பாடு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவின் அந்த வார்த்தையை இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. மேலே பாடினேன். எங்கெங்கே நின்றேன், எங்கே ஓடினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூலையில் டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்ட மறந்து உட்கார்ந்திருந்ததை மட்டும் பார்த்தேன்.

ரிசல்ட் மே மாதத்தில் வந்தது. வெயில் கொளுத்துகிறது, யூனிஃபார்ம் வேலை உச்சத்தில் இருக்கிறது, எட்டு மெஷினும் பேய் மாதிரி ஓடுகின்றன. மேலே போனில் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். ஏணியில் கடகடவென்று இறங்கினேன். அப்பா கடைசி மெஷினில் காலர் தைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! வந்துடுச்சு!"

"என்னது?"

"பாட்டுல மார்க் வந்துடுச்சு! நல்ல மார்க்!"

"என்னட்டி சொல்லுத? கேக்கல!"

இன்னும் கத்தியிருப்பேன். அதற்குள் அப்பா எழுந்தார். நாலு எட்டில் போய் மெயின் சுவிட்சை அடித்தார். மெஷின்கள் நின்றன, ஃபேன் நின்றது, பையன்கள் பாதித் தையலோடு திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்பச் சொல்லு" என்றார்.

சொன்னேன். மெதுவாக, கத்தாமல் சொன்னேன். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். மேலே அம்மா "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டே பட்டன் டப்பாவைத் தட்டிவிட்டாள். பரீட்சை முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டதல்லவா, பக்கத்துக் கார்கானாக்காரருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. செருப்பில்லாமல் ஓடி வந்து வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் டீக்கடைக்காரர், எதிர் வீட்டு அத்தை.

"அண்ணாச்சி! என்னாச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. "எம் பிள்ள பாட்டுல நல்ல மார்க் வாங்கியிருக்கா. காலேஜ்லயும் அதுதான் படிக்கப் போறா."

கார்கானாக்காரர் நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டார். "அட போங்க அண்ணாச்சி, உயிரே போயிட்டு வந்துச்சு. அதுக்கு எதுக்கு மெஷினை நிறுத்துனீங்க?"

"கேக்கணும்லா" என்றார் அப்பா.